மங்கிய முகமும் மறையாத ஆளும்

மனித உருவம் பதிந்த மிகப் பழைய புகைப்படம் எது என்று கேட்டால், அறிஞர் பலரும் 1838-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் எடுக்கப்பட்ட ஒரு தெருக் காட்சியையே சுட்டுவர். அதனை எடுத்தவர் லூயி டாகேர் என்னும் பிரெஞ்சு ஓவியர். வண்டிகளும் மக்களும் இடையறாது செல்லும் பெருந்தெரு அது. ஆயினும் படத்தைப் பார்ப்போருக்குத் தெரு வெறிச்சோடியே காணப்படும். காரணம் யாதெனின், அக்காலத்துத் தகட்டில் ஒளி பதிவதற்குப் பல நிமிடங்கள் சென்றன. நடந்தவர்களும் ஓடிய வண்டிகளும் தகட்டில் பதியாமலே போயின. தெருவோரத்தில் ஒரு காலை உயர்த்தி வைத்துத் தம் சப்பாத்தை மினுக்குவித்துக்கொண்டு அசையாது நின்ற ஒருவர் மட்டும் அகப்பட்டுக்கொண்டார். அவருடைய முகமும் தெளிவில்லை. அவர் இன்னார் என்பதும் உறுதியாக எவருக்கும் தெரியாது.

ஆக, இக்கலை பிறந்த காலத்தில் முகம் தானாகவே மறைந்தது. அதனைப் பதிப்பதற்கே முயற்சி வேண்டியிருந்தது. இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்த கணத்திலே, நாம் எண்ணிப் பாராத எத்தனையோ அயலார் முகங்களும் படத்தினுள் வந்து சேர்ந்துவிடுகின்றன. பதிப்பதற்கு முயற்சி தேவையில்லை. மறைப்பதற்கே முயற்சி வேண்டியதாயிற்று. அம்முயற்சிக்கென்று தொலைபேசியிலேயே முகத்தை மங்கலாக்கும் வசதியும் வந்திருக்கிறது. விரலால் ஒருமுறை தடவினால் முகம் கலங்கிவிடும். அவ்வாறு கலக்கியவுடன் உரியவர் உண்மையில் மறைந்துவிடுகின்றாரா? எவருடைய முகத்தை, எப்பொழுது, எவ்வாறு மறைத்தல் வேண்டும்? பிள்ளைகளின் படங்களை நாள்தோறும் பகிர்ந்துகொள்ளும் பெற்றோரும், கையிலே கமராவுடன் வளரும் மாணவரும் இவ்வினாக்களைச் சற்றே நின்று சிந்தித்தல் நன்று.

பொத்தானை அழுத்தப் பிறந்த கவலை

இக்கவலை நேற்றுத் தோன்றியது அன்று. 1888-ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஈஸ்ற்மன் என்னும் அமெரிக்கர் 'கொடாக்' என்ற கைக்கமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நூறு படங்களுக்கான சுருள் அதனுள்ளேயே அமைந்திருந்தது. வாங்கியவர் பொத்தானை அழுத்தினாற் போதும். கழுவுதல், பதித்தல் முதலிய வேலைகளை எல்லாம் கொம்பனியே செய்து கொடுத்தது. படம் பிடித்தல் தொழிலாளரின் கையிலிருந்து பொதுமக்கள் கைக்கு மாறிற்று.

இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1890 டிசம்பரில் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்னும் இரு சட்டத்தரணிகள் ஹார்வார்ட் சட்டச் சஞ்சிகையில் அந்தரங்க உரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினர். முன்னர் ஒருவரைப் படம் பிடிப்பதாயின் அவர் அறிந்தே வந்து கமராவின் முன் அமர்தல் வேண்டும்; ஆகவே படம் எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் இடையே சொல்லாமலே ஓர் உடன்பாடு இருந்தது. கணப்பொழுதிற் படம் பிடிக்கும் கருவி வந்தபின், உரியவர் அறியாமலே அவர் முகத்தைக் கவர்ந்து செல்லலாம் என்றாயிற்று. பழைய உடன்பாடு இனிப் போதாது, சட்டம் வேறு பாதுகாப்புத் தரவேண்டும் என்பது அவர்களது வாதத்தின் ஒரு பகுதி. அவ்விருவருள் பிராண்டைஸ் பின்னர் 1916-இல் அமெரிக்க உயர் நீதிமன்ற நீதியரசராகவும் விளங்கினார்.

அன்று அவர்கள் அஞ்சியது செய்தித்தாள்களின் துணிச்சலை. இன்று ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நான்கு பேர் கையில் அச்சகமும் விநியோகமும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு குழுவுக்கு அனுப்பிய படம் அரை மணி நேரத்தில் கடல் கடந்து கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினரைச் சென்றடைகிறது. அவர்கள் வேறெவருக்கு அனுப்புவார்கள் என்பது அனுப்பியவர் கையில் இல்லை.

இதனினும் பெரிய மாற்றம் ஒன்று அண்மையில் நிகழ்ந்தது. முன்பு ஒரு படத்தில் நிற்பவர் யாரென அறிவதற்கு அவரை அறிந்த ஒருவர் அப்படத்தைப் பார்க்க வேண்டும். இப்பொழுது அவ்வேலையைக் கணினி செய்கிறது. கிளியர்வியூ என்னும் அமெரிக்க நிறுவனம் இணையத்தில் பரந்து கிடந்த 300 கோடிக்கு மேற்பட்ட படங்களைத் திரட்டி, ஒரு முகத்தைக் காட்டினால் அவர் இன்னார் என்று தேடித்தரும் பொறியொன்றை அமைத்திருந்ததை 2020 ஜனவரியில் நியூ யோர்க் ரைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியது. 2021 நவம்பரில் பேஸ்புக் நிறுவனம், தன் படங்களில் முகங்களை இனங்காணும் ஏற்பாட்டை நிறுத்தி, நூறு கோடிக்கு மேற்பட்டவரின் முகக் குறிப்புகளை அழிப்பதாக அறிவித்தது. அழிப்பதற்கு அத்தனை இருந்தன என்பதே எமக்கு ஒரு பாடம். ஓர் அயலவர் படத்தின் மூலையில் தற்செயலாக நின்றவரும் இன்று பெயரோடு தேடப்படக்கூடியவராகிவிட்டார்.

தெருவை அளந்த கமரா

முகங்களை மங்கலாக்குதல் பெருமளவிற் புழக்கத்துக்கு வந்தது கூகிள் நிறுவனத்தின் தெருக் காட்சித் திட்டத்தினாலே ஆகும். 2007 மே மாதத்தில் அந்நிறுவனம் ஐந்து அமெரிக்க நகரங்களின் தெருக்களை வண்டியில் ஏற்றிய கமராக்களாற் படமெடுத்து இணையத்தில் வெளியிட்டது. வீட்டு வாசலில் நின்றவர், கடையிலிருந்து வெளிப்பட்டவர், வைத்தியரிடம் சென்றவர் யாவரும் உலகின் பார்வைக்கு வந்தனர். கண்டனம் எழுந்தது. ஓராண்டு கழிந்து, 2008 மே மாதத்தில், நியூ யோர்க் நகரின் மன்ஹற்றன் பகுதிப் படங்களில் முகங்களைத் தானாகவே மங்கலாக்கும் முறை சோதித்துப் பார்க்கப்பட்டது.

இலட்சக்கணக்கான படங்களில் முகம் எங்கே இருக்கிறது என்று பொறி எவ்வாறு அறிகிறது? 2001-ஆம் ஆண்டில் போல் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்னும் இருவர் அதற்கு ஒரு விரைவான வழி கண்டனர். எந்த மனித முகத்திலும் கண்கள் உள்ள பட்டை கன்னங்களைவிட இருண்டிருக்கும். மூக்கின் தண்டு இரு கண்களுக்கும் இடையே வெளிச்சமாயிருக்கும். இத்தகைய ஒளி நிழல் வேறுபாடுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து, பொருந்தாத இடங்களை உடனுக்குடன் தள்ளிவிட்டால் எஞ்சுவது முகம். தொலைபேசியில் படம் எடுக்கையில் முகத்தைச் சுற்றித் தோன்றும் சதுரம், பல திருத்தங்களுடன், அக்கண்டுபிடிப்பின் வழி வந்ததே. இங்கே ஒன்றை மாணவர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். 'இது ஒரு முகம்' என்று கண்டுபிடிப்பது வேறு. 'இது இன்னாருடைய முகம்' என்று சொல்வது வேறு. முன்னையது மறைப்பதற்கு உதவும். பின்னையதற்கு அஞ்சியே மறைக்கின்றோம்.

பொறி தவறாதா எனின், தவறும். 2009-இல் கூகிள் ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையில் முகங்களுள் நூற்றுக்கு 89-க்கு மேற்பட்டவையும், வாகன இலக்கத் தகடுகளுள் நூற்றுக்கு 94 முதல் 96 வரையும் மங்கலாக்கப்பட்டதாகக் கூறினர். அஃதாவது, நூறு முகங்களுள் ஏறத்தாழப் பத்து முகங்கள் தப்பி நின்றன. மறுபுறத்தே, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஆற்றோரத்திலே மேய்ந்துகொண்டிருந்த ஒரு பசுவின் முகத்தையும் அப்பொறி பக்குவமாக மங்கலாக்கியிருந்தது 2016-இல் வெளிச்சத்துக்கு வந்து உலகைச் சிரிக்கவைத்தது. பசுவின் மானத்தைக் காத்த பொறி, பக்கவாட்டிற் திரும்பி நின்ற மனிதரைக் காணாது விடவும் கூடும். ஆதலின் பொறி செய்து தந்ததை மனிதக் கண் ஒருமுறை சரிபார்த்தே தீரவேண்டும்.

மங்கலாக்குதல் என்பது யாது?

தொலைபேசியில் எடுக்கும் படம் நுண்ணிய படப்புள்ளிகளின் தொகுதி. அகலத்தில் 4,000 படப்புள்ளிகளும் உயரத்தில் 3,000 படப்புள்ளிகளும் உள்ள படத்தில் மொத்தம் ஒரு கோடியே இருபது இலட்சம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்பவற்றின் அளவைக் குறிக்கும் மூன்று எண்கள். முகத்தை மறைத்தலாவது, முகம் உள்ள இடத்து எண்களை மாற்றுதலே.

அதற்கு மூன்று வழிகள் வழக்கிலுள்ளன. முதலாவது, கட்டங்களாக்குதல். அகலமும் உயரமும் 160 படப்புள்ளிகளான ஒரு முகத்தில் 25,600 படப்புள்ளிகள் உண்டு. அதனைப் பதினாறுக்குப் பதினாறான சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் உள்ள 256 படப்புள்ளிகளுக்கும் அவற்றின் சராசரி நிறத்தையே கொடுத்தால், முகம் நூறு கட்டங்களாகச் சுருங்கிவிடும். இரண்டாவது, மங்கலாக்குதல். இங்கே ஒவ்வொரு படப்புள்ளிக்கும் அதனைச் சூழ்ந்தவற்றின் சராசரி கொடுக்கப்படும். அண்மையில் உள்ளவற்றுக்கு நிறை அதிகம், தொலைவில் உள்ளவற்றுக்குக் குறைவு. இந்நிறைகளை வகுக்கும் வளைகோடு ஜேர்மனியக் கணித மேதை காவுஸ் (1777–1855) பெயரால் வழங்குகிறது. மூன்றாவது, முகத்தின் மேல் ஒரே நிறத்துப் பெட்டி ஒன்றைப் பூசிவிடுதல். அதனுள் எல்லா எண்களும் ஒன்றே.

முதலிரண்டும் கண்ணுக்கு இதமானவை. மூன்றாவது சற்று முரடானது. ஆனால் பாதுகாப்பு மூன்றாவதிலேயே உண்டு. ஏன் என்பதை வகுப்பறைக் கணக்கு ஒன்றால் விளக்குவோம்.

ஒரு வகுப்பில் 40 மாணவர். கணிதத்தில் அவர்களது சராசரி 62 என்று மட்டும் ஒருவர் கூறினால், எந்த மாணவர் எத்தனை புள்ளி பெற்றார் என்று எவராலும் சொல்ல இயலாது. சராசரி தனி எண்களை விழுங்கிவிட்டது. மங்கலாக்கினால் எல்லாம் மறைந்துவிடும் என்னும் நம்பிக்கை இதனின்றே பிறக்கிறது. இனி வினாவைச் சிறிது மாற்றுவோம். ஐந்து வகுப்புகளின் பரீட்சைப் பதிவேடுகள் முழுமையாக எம் கையில் உள்ளன. அவற்றுள் ஏதோ ஒரு வகுப்பின் பத்துப் பாடச் சராசரிகளை மட்டும், வகுப்பின் பெயரைக் கூறாது ஒருவர் எழுதித் தருகிறார். அது எந்த வகுப்பு என்று கண்டுபிடித்தல் கடினமா? ஐந்துக்கும் சராசரி கணித்து ஒப்பிட்டால் விடை வந்துவிடும்.

முகத்தின் கதையும் இதுவே. மங்கிய படத்தில் இருப்பவர் ஊரில் உள்ள ஐம்பது பேருள் ஒருவர் என்று தேடுபவர் அறிந்திருந்து, அந்த ஐம்பது பேரின் தெளிந்த படங்களும் அவர் கையில் இருந்தால், ஒவ்வொன்றையும் அதே முறையில் மங்கலாக்கி எது பொருந்துகிறது என்று பார்த்தாற் போதும். முகத்தை மீட்கவேண்டிய தேவையே அவருக்கு இல்லை. ஒரே நிறப் பெட்டியிலோ ஒப்பிடுவதற்கு யாதும் எஞ்சுவதில்லை.

முறுக்கியதை அவிழ்த்தவர்கள்

இவை வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2007 ஒக்டோபரில் சர்வதேசப் பொலிஸ் அமைப்பாகிய இன்ரபோல், சிறுவர்க்குக் கொடுமை இழைத்த ஒருவனின் முகத்தை உலகுக்கு வெளியிட்டது. அவன் தன் முகத்தை நீர்ச்சுழிபோல் முறுக்கிவிட்டே படங்களை இணையத்தில் இட்டிருந்தான். நனைந்த துணியை முறுக்கினால் நூல் எதுவும் கழிந்துவிடாது; எதிர்ப்புறமாகத் திருப்பினால் துணி முன்போல் விரியும். ஜேர்மனியப் பொலிஸ் நிபுணர் அவ்வாறே அம்முகத்தை அவிழ்த்தனர். அறிவித்தல் வெளிவந்து இரு வாரத்துக்குள் அவன் தாய்லாந்திற் கைதானான். அங்கே அவிழ்ந்தது நன்மைக்கே. ஆயினும் கள்வனின் பூட்டைத் திறக்கும் திறவுகோல் நல்லவர் வீட்டையும் திறக்கும் என்பதை மறத்தலாகாது.

2016-இல் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தையும் கோர்னெல் ரெக் நிறுவனத்தையும் சேர்ந்த மூவர் வேறொரு சோதனை செய்தனர். கட்டங்களாக்கியும் மங்கலாக்கியும் வைத்த முகங்களையே கணினிக்குப் பாடமாகக் கற்பித்து, 'இது பட்டியலில் உள்ளவருள் எவர்?' என்று வினவினர். மனிதக் கண்ணுக்கு ஒன்றும் புலனாகாத படங்களிலும் கணினி பெரும்பாலும் சரியான விடையளித்தது. நாம் மேலே கூறிய பதிவேட்டுக் கணக்கின் பெருவடிவமே அது.

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தார் ஒரு பொறியை வெளியிட்டனர். பதினாறுக்குப் பதினாறு என்ற அளவில் சிதைந்த முகத்தைக் கொடுத்தால் அது தெளிந்த முகமொன்றைத் தரும். எவரோ அதனிடம் முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவின் சிதைந்த படத்தைக் கொடுக்க, வெள்ளையர் ஒருவரின் முகம் வெளிவந்தது. பொறி இழந்ததை மீட்கவில்லை. அதே சராசரிகளைத் தரக்கூடிய ஏதோ ஒரு முகத்தைக் கற்பனை செய்தது. மங்கிய படத்தைத் 'தெளிவாக்கி' இவர்தாம் குற்றவாளி என்று ஊரிற் பரப்புவோர் இதனைக் கட்டாயம் அறிதல் வேண்டும். அவர்கள் கையில் இருப்பது பிறந்தே இராத ஒருவரின் முகமாக இருக்கலாம். அதனை ஒத்த முகம் படைத்த அப்பாவி ஒருவரே அதன் பலனை அனுபவிப்பார்.

முகம் போனால் ஆள் போவாரா?

2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் புளொயிட் பொலிசாரின் பிடியில் உயிரிழந்தார். நாடெங்கும் மக்கள் தெருவில் இறங்கினர். எடுக்கப்பட்ட படங்கள் எண்ணிறந்தன. ஜூன் 3 அன்று சிக்னல் என்னும் செய்திச் செயலியார் முகங்களை மங்கலாக்கும் வசதியைத் தம் செயலியிற் சேர்ப்பதாக அறிவித்தனர். அதன் சிறப்பு யாதெனின், முகங்களைத் தேடும் வேலை முழுவதும் தொலைபேசியினுள்ளேயே நடைபெறும். படம் வேறெவர் கணினிக்கும் செல்லாது. தானியங்கித் தேடல் சில முகங்களைத் தவறவிடும் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டு, விரலாற் தடவி மறைக்கும் தூரிகை ஒன்றையும் உடன் வைத்தனர்.

நல்ல கருவி, ஆயினும் முகம் மட்டுமே மனிதர் அன்று. நடையும் உடையும் நிற்கும் இடமும் கூட இருப்போரும் சேர்ந்தே ஒருவரைக் காட்டிக்கொடுக்கும். முகத்தை மறைத்துவிட்டுப் பாடசாலைச் சின்னம் பொறித்த கழுத்துப்பட்டியையும் போட்டி இலக்கத்தையும் விட்டுவைத்தால், அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாகவே முடியும்.

2019-இல் ஜப்பானில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். இளம் பாடகி ஒருவர் தம்மைத் தாமே எடுத்த படத்தை வெளியிட்டார். அவருடைய கண்மணியிலே அவருக்கு எதிரே இருந்த புகையிரத நிலையத்தின் சாயல் சிறிதாகப் பிரதிபலித்திருந்தது. அவர்மீது வெறிகொண்ட ஒருவன் படத்தைப் பெருப்பித்து அச்சாயலைக் கண்டு, நாம் மேலே விவரித்த தெருக் காட்சிப் படங்களோடு ஒப்பிட்டு நிலையத்தை அறிந்துகொண்டான். அங்கே காத்திருந்து, பின்தொடர்ந்து சென்று அவரைத் தாக்கினான்.

கண்ணுக்குத் தெரியும் படத்தின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத குறிப்பும் உண்டு. தொலைபேசி ஒவ்வொரு படத்தோடும் எடுத்த நாள், நேரம், கருவி என்பவற்றையும், இடங்காட்டி இயங்குமாயின் அகலக்கோடு நெடுங்கோடுகளையும் எழுதி வைக்கிறது. 2012 டிசம்பரில், பெலீஸ் நாட்டுப் பொலிசார் விசாரணைக்குத் தேடிய ஜோன் மக்கபி என்னும் கணினி வணிகர் எங்கோ ஒளிந்திருந்தார். அவருடன் கூடச் சென்ற சஞ்சிகையாளர் பெருமிதத்துடன் ஒரு படத்தை வெளியிட்டனர். அப்படத்தினுள் இடக்குறிப்பு அழிக்கப்படாமல் இருந்தமையால் அவர் குவாத்தமாலாவில் இருப்பது வெளிப்பட்டது.

வெட்டியது போயிற்று என்றும் உறுதியாக நம்புவதற்கில்லை. 2023 மார்ச்சில் கூகிளின் பிக்சல் தொலைபேசிகளில் ஒரு குறை வெளியாயிற்று. படத்தின் ஓரத்தை வெட்டிச் சேமித்தபோது, வெட்டிய பகுதியின் தரவு கோப்பின் வாலில் அழியாது கிடந்தது. அதனை மீட்டெடுக்க முடிந்தது. குறை திருத்தப்பட்டுவிட்டது. ஆயினும் அதற்கு முன்னைய சில ஆண்டுகளில் அவ்வாறு வெட்டி அனுப்பிய படங்கள் அனுப்பிய இடங்களில் அப்படியே இருக்கக்கூடும்.

எவர் முகம், எவர் உரிமை?

இத்துணையும் கூறியது முறை பற்றி. முறையினும் முதன்மையானது, எவர் பொருட்டு மறைக்கின்றோம் என்பது.

எமது நாட்டில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை இனங்காட்டும் உடல் அடையாளத் தரவுகளையும் சிறுவர் பற்றிய தரவுகளையும் தனிக் கவனத்துக்குரிய வகையிற் சேர்த்திருக்கிறது. எனினும் தனியார் ஒருவர் முற்றிலும் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆகவே குடும்பக் குழுக்களிலும் பெற்றோர் குழுக்களிலும் நாம் அனுப்பும் படங்களுக்குச் சட்டத்தினும் எம் மனச்சான்றே பெரிதும் காவல்.

நிவாரணப் பொதி வழங்கும் படங்களை எண்ணிப் பாருங்கள். அரிசியும் பருப்பும் கொடுப்பவர் கமராவை நோக்கிப் புன்னகை செய்வார். வாங்கும் மூதாட்டி தலைகுனிந்து நிற்பார். கொடுத்தமைக்குச் சான்று வேண்டும் என்பது நியாயம். தூரத்திலிருந்து பணம் அனுப்பியவருக்குக் கணக்குக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அச்சான்றுக்குப் பொதி போதும். பெற்றவரின் முகம் வேண்டுவதில்லை. ஒரு நாளைப் பசியை ஆற்றிய பொதிக்கு விலையாக, அவருடைய பேரப்பிள்ளைகளும் நாளைக்குப் பார்க்கக்கூடிய ஒரு படத்தை அவர் கொடுக்கவேண்டியதாகிறது. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர் அப்பொழுது இல்லை. மறுக்க இயலாதவரின் சம்மதத்தைச் சம்மதம் எனக் கொள்ளலாகாது.

சிறுவர் நிலையும் அத்தகையதே. விளையாட்டுப் போட்டியில் மயங்கி விழுந்த பிள்ளை, பரிசு கிடையாது அழுத பிள்ளை, காய்ச்சலில் வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்கும் பிள்ளை ஆகியோரின் படங்கள் இன்று அன்பினாலே பகிரப்படுகின்றன. இருபது ஆண்டு கழிந்து அப்பிள்ளை வேலைக்கு விண்ணப்பிக்கும் காலத்திலும் அவை எங்கோ இருக்கும். கணவனின் கொடுமைக்குத் தப்பி வேறூர் சென்று, பிள்ளையைப் புதிய பாடசாலையிற் சேர்த்த தாய்க்கோ, மேடையில் நிற்கும் பிள்ளையின் ஒரு குழுப் படமே முகவரி ஆகிவிடக்கூடும். அத்தகைய குடும்பம் வகுப்பில் இருக்கிறதா என்பது படம் எடுக்கும் பெற்றோருக்குத் தெரிந்திராது. தெரியாது என்பதனாலேயே எச்சரிக்கை வேண்டப்படுகிறது.

இனி, மறைத்தலே எப்போதும் அறம் என்று எவரும் முடிவு கட்டிவிடுதல் ஆகாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டம் தொடங்கினர். அங்கே தாய்மார் தம் பிள்ளைகளின் படங்களை மார்போடு அணைத்து ஏந்தி அமர்ந்தனர். அம்முகங்களை உலகம் காணவேண்டும், பெயர் சொல்லிக் கேட்கவேண்டும் என்பதே அவர்களது வேண்டுதல். அப்படங்களை மங்கலாக்குவது பாதுகாப்பு ஆகாது. இரண்டாம் முறை காணாமல் ஆக்குவதாகவே முடியும். ஆகவே முகத்தைக் காட்டுவதா மறைப்பதா என்பதை முகத்துக்கு உரியவரோ, அவர் பேச இயலாதவிடத்து அவருக்கு மிக நெருங்கியவரோதான் தீர்மானித்தல் வேண்டும். கமரா எவர் கையில் இருக்கிறது என்பது அத்தீர்மானத்தை மாற்றாது.

செய்யத்தக்கன

வீட்டிலும் பாடசாலையிலும் கைக்கொள்ளத்தக்க சில வழிகளைக் கூறி முடிப்போம்.

முதலாவது, அனுப்புமுன் கேளுங்கள். கேட்க இயலாதவிடத்து, அப்படம் அவசியமா என்று எண்ணுங்கள். எடுக்கும்பொழுதே முதுகுப்புறமாகவோ, கைகள் மட்டும் தெரியவோ எடுத்தால் பின்னர் மறைக்கவேண்டிய தொல்லையே இல்லை.

இரண்டாவது, உயிருக்கோ மானத்துக்கோ இடர் உண்டெனில் மங்கலாக்குதலை நம்பாதீர்கள். ஒரே நிறத்துப் பெட்டியால் தலைமயிர் முதல் நாடி வரை முழுவதையும் மூடுங்கள். கண்களின் மேல் மட்டும் கறுப்புப் பட்டை இடும் பழைய வழக்கம் அறிந்தவர் எவரையும் ஏமாற்றாது. ஒளி ஊடுருவும் வகைப் பேனையாற் பூசினால், வெளிச்சத்தைக் கூட்டியவுடன் கீழுள்ளது தெரிந்துவிடும். ஆகவே முற்றாக மூடும் நிறத்தையே பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, முகத்தை மறைத்தபின் படத்தைப் பெருப்பித்து, மூலை முடுக்கெல்லாம் பாருங்கள். பின்னால் நிற்பவர், கண்ணாடி, பெயர்ப்பலகை, வாகன இலக்கம், சீருடைச் சின்னம் ஆகியன தப்பி நிற்றல் கூடும்.

நான்காவது, சில தொலைபேசிகள் படத்தோடு ஓரிரு நொடி அசைவையும் ஒலியையும் சேர்த்துப் பதிக்கின்றன. வேறு சில, திருத்தத்தை நீக்கிப் பழைய படத்தை மீட்பதற்கென மூலத்தை உள்ளே வைத்திருக்கின்றன. ஆதலின் மறைத்த படத்தைத் திரையில் தோன்றியவாறே திரைப்பிடிப்பாக எடுத்து, அப்புதிய பிரதியை அனுப்புதல் நல்லது. இடக்குறிப்பும் அதிற் தொடர்வதில்லை. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இடக்குறிப்பு நீங்கும். அதையே ஆவணமாக இணைத்தால் நீங்காது என்பதையும் நினைவிற் கொள்க.

ஐந்தாவது, முகத்தை மங்கலாக்கித் தருகிறோம் என்று கூறும் இணையத்தளங்களுக்குப் படத்தை ஏற்றாதீர்கள். மறைக்கவேண்டிய முகத்தை முதலில் முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைப்பதாக அது முடியும். தொலைபேசியினுள்ளேயே இயங்கும் கருவிகள் உள்ளன.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு நிமிடம் செல்லும். படத்தில் நிற்பவர் அந்நிமிடத்தை அறியமாட்டார். நன்றி கூறவும் மாட்டார். ஆயினும், ஒரு தாயும் பிள்ளையும் புதிய ஊரில் அச்சமின்றி நடமாடுவதும், ஒரு மூதாட்டி தன் வறுமையை ஊர் பேசாது வாழ்ந்து முடிப்பதும் அந்த ஒரு நிமிடத்தில் அடங்கியிருக்கக்கூடும். அடுத்த முறை பாடசாலை விழாவிலோ கோயில் வீதியிலோ எடுத்த படத்தை அனுப்புவதற்கு விரல் நீளும்போது, பெற்றோரும் மாணவரும் அதற்கு முன் படத்தில் உள்ள முகங்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.